வலது பக்கச் சுருள்

வெள்ளெருக்கங்குடா யாகப்பர் கோயில்.
முகப்பு அகலம் முப்பத்தெட்டடி நாலங்குலம்,
நாடாவின் மறுமுனையை யூட் பிடித்திருந்தான்.
உயரம், இடப்பக்கம் நாற்பத்தொன்று.
வலப்பக்கம் எட்டு,
அதற்கு மேல் வானம்.

ஒல்லாந்தன் காலத்தில் இந்தக் கோயில் ஒரு மரப்பெட்டி.
பூசையில்லாத நாளில் அதன்மேல் வலை காய்ந்தது.
சோதிக்க வந்த சிப்பாய்
மூக்கைப் பொத்தியபடி தள்ளிநின்று விசாரித்துப் போனானாம்.
படிவத்தில் 'கட்டட வகை' என்ற இடத்தில்
அந்தக் காலத்துக்கு என்ன எழுதுவது?
நெடுநேரம் யோசித்து, பெட்டி என்றே எழுதினேன்.

பிறகு ஒரு பிரெஞ்சுச் சுவாமியார்,
குதிரையோடு வந்து காய்ச்சலோடு இருந்தவர்.
செபப்புத்தகத்துக்குள் தன் ஊர்க் கோயிலின் படம் வைத்திருந்தார்:
முறுக்கிய தூண்கள்,
நடுவில் பிளந்து வளைந்த நெற்றி,
சங்கின் உட்புறம்போல் ஒரு மாடம்,
தோளிலிருந்து வழிந்து இறங்கும் இரண்டு பெரிய சுருள்கள்.
பரோக் என்பது அங்குள்ள பெயர்.
எங்கள் பங்குக் கொப்பியில் 'வளைச்சல் முகப்பு'.

படத்தில் பின்பக்கம் இல்லை.
ஆகவே முன்னால் ஐரோப்பா,
பின்னால் கருவாட்டு வாடி:
பனஞ்சிலாகை நாற்பது, பாலைமரத் தூண் ஒன்பது,
கச்சான் ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போக
எதிரெதிர் யன்னல்கள்.
கட்டினவர்களுக்கு இதில் வெட்கம் இருந்ததாய்த் தெரியவில்லை.

முட்டைக் கணக்கு இன்னும் இருக்கிறது,
உழவு மெசின் பெட்டியில் சாமான்களோடு ஏறித் தப்பிய ஒரே கொப்பி.
சுண்ணாம்புக்கு வெள்ளைக்கரு வேண்டும், வீட்டுக்கு வீடு சேர்த்திருக்கிறார்கள்:
சவிரியாள் 14.
பாவிலு மகன் 9.
நீக்கிலாப்பிள்ளை 30, அதில் கூழ்முட்டை 11.
அந்தப் பதினொன்றும் எந்தச் சுவருக்குள் போனதோ.
யூட் பார்க்காத நேரம் ஒருதரம் மணந்து பார்த்தேன்.

படத்தின் இடப்பக்கத்தில் மெழுகு சிந்திய கறை.
அந்தச் சுருள் கொத்தனாருக்குத் தெரியவில்லை.
கேட்கலாமென்றால் சுவாமியார் பிதற்றிக்கொண்டு கிடந்தார்.
அவன் திரும்பிக் கடலைப் பார்த்திருக்கவேண்டும்:
உள்ளே மடங்காமல்
வெளியே உடைகிற சுருள்,
நுனி மூன்றாய்ச் சிதறி.
ஊர் அதைப் பிழைச்சுருள் என்றது.
நூறு வருசம் வலது சரி, இடது பிழை.

இரண்டாயிரத்து எட்டில் செல் விழுந்தது வலப்பக்கம்.
பிழை நிற்கிறது.
சன்னத் துளை பதினேழு, நாலுக்குள் குளவி.

கணினியில் நடுக்கோட்டைக் கீறி ஒரு விசையைத் தட்டினால்
இடது புரண்டு வலதாய் ஒட்டிக்கொள்ளும்.
தட்டினேன்.
இரண்டு அலைகள் எதிரெதிரே உடைந்தன.
அழகாகத்தான் இருந்தது.
அழித்தேன்.

ரொறொன்ரோவிலிருந்து ஒரு கலியாணப் படம் வந்தது,
மாப்பிள்ளைக்குப் பின்னால் தூணின் அடி மட்டும்.
பாரிசிலிருந்து இன்னொன்று,
சுருள் இருக்கவேண்டிய இடத்தில் யாரோ பிடித்த குடை.
'கடாக்கொம்பு மாதிரி' என்றா எமிலியானா.
'விசரே, அது சுருட்டின பாய்' என்றார் அவவின் தம்பி.
பிறகு இரண்டு பேரும்
அந்த முற்றத்தில் கடைசியாய் நின்ற நாளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கி
பாதியில் விட்டுவிட்டார்கள்.

கூட்டத்துக்கு வலப்பக்கத்தைப் புள்ளிக்கோட்டில் கீறிக் கொண்டுபோனேன்.
'உதென்ன, புள்ளி புள்ளியா?' பங்குத்தந்தை கேட்டார்.
'தெரியாது ஃபாதர். அதுதான்.'
பொருளாளர் கண்ணாடியைக் கழற்றினார்:
'தெரியாததுக்கு எத்தினை மூட்டை சுண்ணாம்பு?'

மேசன் பெனடிற் அதுவரை வாய் திறக்கவில்லை.
வரைபடத்தை ஒருதரம் தலைகீழாய்த் திருப்பினான்,
பிறகு நேராக்கினான்,
என் காதில் செருகியிருந்த பென்சிலுக்குக்
கை நீட்டினான்.